கூடை போகாத வீடு

உட்காருங்கள் ஐயா. அந்தக் கல் நிழலில் இருக்கிறது, அதில் உட்காருங்கள். செக்கு ஓடவில்லை, துணியில் பிசுக்கு ஒட்டாது. இந்த வருஷம் ஒலிவ மரங்களில் காய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கழுதையை மருமகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அங்கேயாவது அதற்குத் தின்ன ஏதாவது கிடைக்கும். தண்ணீர் அரைக் குவளைதான் தர முடியும். தப்பாக நினைக்காதீர்கள். ஊர்த் தொட்டியில் அடிச்சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஏரிக்கரையிலிருந்து வருகிறீர்கள். சொல்லவே வேண்டாம், கருவாட்டு வாசனை உங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களிடமும் எண்ணெய் வாசனை வரும், நல்ல வருஷங்களில்.

யாரைப் பற்றி?

அப்பா தன்கூமைப் பற்றியா. ஆக உங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கிறார். எருசலேம் பக்கம் போயிருப்பார் என்று இங்கே சிலர் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். பெரிய ஊர் அவருக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்து நின்று பார்த்தாலே குனிந்துகொண்டு ஓரமாகப் போகிற ஆள்.

இருங்கள், இருங்கள். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அனுப்பியிருப்பார்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர், ஏன் எங்களை விட்டு வந்தார், அவரை எப்படி வைத்துக்கொள்வது என்று விசாரித்து வரச் சொல்லியிருப்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் பாதிதான் சொல்வார்கள். மீதிப் பாதியில் என்னைத் திட்டுவார்கள்.

என் பெயர் சப்தாய். இந்தச் செக்கு என்னுடையது. ஊர்ப் பொதுக்கூடையும் என் பொறுப்புதான். உங்கள் ஊரிலும் இருக்குமே. ஓய்வுநாளுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் ரொட்டியும் பயறும் வாங்கி, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. என் அப்பா செய்தார், அவருக்குப் பிறகு நான். அதில் ஒரு விள்ளல் நான் தின்றதாக எந்த எதிரியும் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. இவ்வளவு பேசுகிறவர்கள் அதை மட்டும் சொல்லவில்லை.

தன்கூம் எங்கள் சரிவுகளில் கல்வரப்புக் கட்டுகிறவர். கூலிக்கு. சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல்லை உட்காரவைப்பார். கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகக் கட்டுவார். அதிலும் சில வரப்பு சரிந்திருக்கிறது. படிப்பும் கிடையாது. நம் கலிலேயாவில் படித்தவரை ரபி என்போம். படிக்காமலே ஆண்டவருக்கு வேண்டியவராக இருக்கிறவரை என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பா என்று கூப்பிடுவோம். அப்படித்தான் அவர் அப்பா தன்கூம் ஆனார்.

அவர் ஜெபித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நீங்களும் சிரித்திருப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டில் போய் அரிவாள் இரவல் கேட்பது போலக் கேட்பார். "உனக்கு இப்போது வேலை இல்லை என்றால், இந்தப் பையனுடைய காய்ச்சலைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள முடியுமா. இடைஞ்சல் என்றால் வேண்டாம்." இவ்வளவுதான். கண்ணை மூடுவதுகூட இல்லை. காலை மாற்றி மாற்றி நிற்பார், வாசலில் நிற்கிறவன் மாதிரி. காய்ச்சல் போய்விடும். தோல் பதனிடுகிறவர் மகனுக்குப் போனது. என் மனைவி மில்காளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் இருந்தபோது நின்றது. நான் நன்றி கெட்டவன் இல்லை ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு அவரை நிறுத்தலாம் என்று சொன்னதே நான்தான்.

ஒரு வறண்ட வருஷம். கார்த்திகை பிறந்தும் ஒரு சொட்டு இல்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஊர் முழுக்க உபவாசம் இருந்தோம். வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பெட்டியை ஜெப ஆலயத்திலிருந்து தெருச் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து அதன் மேல் சாம்பல் போட்டோம். எங்கள் தலைகளிலும் போட்டுக்கொண்டோம். பெட்டிக்கு முன்னால் நின்று ஜெபித்தவர் நல்ல குரல் உள்ளவர். தொண்டை கட்டும்வரை ஜெபித்தார். ஒன்றும் ஆகவில்லை.

அப்போது யூதேயாவிலிருந்து ஒரு மாணவர் இந்த வழியாகப் போனார், ஒரு பெரிய ரபியிடம் படிக்கிறவர். எங்கள் வீட்டில்தான் தங்கினார். யாரை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய களஞ்சியத்தில் தானியம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, வசதியானவர் என்றேன். "அப்புறம் எப்படி? பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர் வயதானவராக இருக்க வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அவருடைய மனசு முழுக்க ஜெபத்தில் இருக்கும்" என்றார். பெரியவர்கள் வகுத்த விதி. நான் வகுத்ததில்லை. இதை உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள், சப்தாய் வகுத்ததில்லை என்று.

நான் யோசித்தேன். வயதானவர், பிள்ளை உள்ளவர், வீட்டில் ஒன்றும் இல்லாதவர். தன்கூமுக்கு வயதான பிறகு ஒரே ஒரு பெண் பிறந்திருந்தது, திர்சாள். வீட்டில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத்தானே தெரியும், வாராவாரம் கூடை கொண்டுபோகிறவன். அடுத்த வியாழக்கிழமை அவரை நிறுத்தினோம். வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தோம். "கொஞ்சம் மழை வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்றார். அவ்வளவுதான் ஜெபம். பெட்டியை உள்ளே கொண்டுபோவதற்குள் சாம்பல் எங்கள் முகத்தில் கரைந்து வழிந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் அவர் வீட்டுக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மாவு கொடுத்தார், ஒருவர் வெள்ளாடு கொடுத்தார். நான் எண்ணெய் கொடுத்தேன், ஒரு முழு ஜாடி. மறு வருஷம் அவரையே நிறுத்தினோம். தூறல் போட்டது ஐயா, வெறும் தூறல். புழுதி அடங்கியது, அவ்வளவுதான். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நேரே அவர் வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்த்தேன். மாவுப்பானை கழுத்துவரை இருந்தது. ஆடு வாசலில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. என் எண்ணெய் ஜாடிகூட பாதிக்கு மேல் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "அப்பா, ஊருக்காக" என்றேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவரே கயிற்றைப் பிடித்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் ஒரு விதவை வீட்டு வாசலில் கட்டினார். "இது எங்கள் வீட்டில் இருந்தால் மழைக்கு இடைஞ்சலாம்" என்று அவளிடம் சொன்னார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்குக் கிண்டல் வராது. மாவையும் எண்ணெயையும் நான் பொதுவுக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த உபவாசத்தில் பெய்தது பாருங்கள் மழை. கிழக்குச் சரிவில் வரப்புகள் உடைந்தன. அவர் கட்டியதும்தான்.

அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அவரை வருஷக் காவலுக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். நான் போய் விளக்கிச் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார். மழைக்காலம் நெருங்கினால் வரப்பு வேலையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொல்லிவைப்பேன். கூடையும் அந்த வீட்டுக்குப் போகாது. கோடையில் போகும். ஐப்பசி பிறந்தால் போகாது. அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்பேன், அந்த வாசலில் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பேன். அது சுலபம் என்று நினைக்கிறீர்களா? என் முழங்கால் இருக்கிற இருப்பில், மேட்டுத் தெருவில், கூடையோடு வேகமாக நடப்பது.

அவர் மனைவி யோவன்னாளுக்கு நாக்கு நீளம். அது மட்டும் இல்லையென்றால் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும்.

பெண் குழந்தை இங்கே வரும், இந்தச் செக்குக்கு. சின்னது, எங்கே போகிறது எங்கே வருகிறது என்று தெரியாது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்குப் பின்னால் எண்ணெய் வடிகிற பள்ளம் இருக்கிறது பாருங்கள். அதில் குனிந்து நக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள்கூட விரட்டியதில்லை. வீட்டில் இருந்தால்தானே கணக்கு? கல்லில் நக்கியது வீட்டுக்குள் போகவில்லையே. இதையெல்லாம் நான் யோசித்துத்தான் செய்தேன். என்னைக் கல்நெஞ்சன் என்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

போன வருஷம்தான் கெட்டுப்போனது. அதற்கு முந்தின வெயிலில் எல்லார் வீட்டிலும் குறைச்சல். எல்லார் வீட்டிலும் குறைச்சல் என்றால் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். யோவன்னாள் வெள்ளிக்கிழமை காலையில் என் வாசலுக்கு வந்தாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரம்.

"சப்தாய் அண்ணா, இந்தக் கூடை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வருகிறது."

"வருகிறது."

"எங்கள் வாசலுக்கு வந்ததும் மட்டும் அதற்குக் கால் முளைத்து ஓடுகிறது."

"யோவன்னாள், திங்கட்கிழமை உபவாசம். உனக்குத் தெரியாததா."

"தெரியும் அண்ணா. ஊருக்குத் திங்கட்கிழமை. நாங்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டோம்."

உள்ளே மில்காள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"திங்கட்கிழமைவரை பொறுத்துக்கொள். மழை வந்த மறுநாள் நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றேன். சத்தியமாகத் தந்திருப்பேன்.

"பிள்ளை எழுந்து நிற்கமாட்டேன் என்கிறது. பெரியவர்கள் பொறுப்போம். அதற்குப் பொறுக்கத் தெரியவில்லை."

"அதனால்தானே அம்மா அவருடைய ஜெபம் கேட்கப்படுகிறது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டைக் காலிசெய்து ஒரு வருஷம் நீங்கள் நின்று பாருங்களேன்."

"நான் கேட்டால் ஆண்டவர் தருவாரா?"

"பசித்துப் பாருங்கள் அண்ணா. கேட்கத் தெரிந்துவிடும்."

நாக்கு என்று சொன்னேனே, இதுதான். நான் கூடையோடு தெருவில் இறங்கினேன். பொது வேலை செய்கிறவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை பெட்டியைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தோம். சாம்பல் போட்டோம். ஊரே நின்றது, பெண்கள் ஒரு பக்கமாக. தன்கூம் வந்தார். தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவர் கழுத்தில் துணி மாதிரிக் கிடந்தது. "பிள்ளையை இறக்கிவிடுங்கள் அப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். "இறக்கினால் விழுந்துவிடுகிறாள்" என்றார். அப்படியே பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

காலை மாற்றி மாற்றி நின்றார். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சொன்னார். நான் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே இப்போது ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். "எப்போதும் ஒன்றுதான் கேட்பேன். இன்றைக்கு இரண்டு கேட்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். முதலில் இவளுக்கு ரொட்டி. அப்புறம் ஊருக்கு மழை. இரண்டும் சேர்ந்து கஷ்டம் என்றால்," என்று சொல்லி நிறுத்திவிட்டார். கஷ்டம் என்றால் எதை விட்டுவிடுவது என்று சொல்லவில்லை. ஜனங்கள் வழக்கம்போல ஆமென் என்றார்கள். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழையை இரண்டாவதாக வைத்தார் ஐயா. ஊர் முழுக்கச் சாம்பலோடு நிற்கிறது, சுருள்களின் மேல் சாம்பல், அவர் தன் வீட்டுக் காரியத்தை முதலில் வைத்தார். நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. முதலில் நகர்ந்தது யார் தெரியுமா, என் மனைவி. மில்காள். வீட்டுக்குப் போய், உபவாசம் முடிந்து சாப்பிட எடுத்துவைத்திருந்த ரொட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும், பெட்டிக்கு முன்னாலேயே, குழந்தையின் வாயில் பிய்த்து வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ரொட்டி, அத்திப்பழம், ஒருத்தி பால். யோவன்னாளின் மடி கொள்ளவில்லை. உபவாசம் கலைந்துபோனது. ஆண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம்.

சாயங்காலம் மழை வந்தது. நல்ல மழை.

என் மகன் என்னிடம் கேட்டான், "அப்பா, மழை வரும்போது அந்த வீடு நிறைந்திருந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று. இந்தக் காலத்துப் பிள்ளைகள். நான் சொன்னேன், கேட்கும்போது காலியாக இருந்ததா இல்லையா, அதுதான் கணக்கு. மழை கிளம்பி வருவதற்கு நேரம் ஆகும். நடுவில் ரொட்டி வந்ததற்கு மழை என்ன செய்யும்? அவன் எழுந்து போய்விட்டான். மில்காளும் அன்றிலிருந்து அளந்துதான் பேசுகிறாள். கேட்டால் பதில் உண்டு. கேட்காவிட்டால் இல்லை.

மறுநாள் காலையில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். முதல் மழை விதைக்கத்தான் ஆகும், அடுத்த மழையும் வேண்டுமே. இரண்டு வேளைக்குச் சாப்பாடு இருக்கிறவன் பொதுவிலிருந்து வாங்கக் கூடாது என்பதும் விதிதான், அதுவும் பெரியவர்கள் வகுத்தது. அங்கே பத்து வேளைக்காவது இருந்திருக்கும். எல்லாவற்றையும் எடுக்க நினைக்கவில்லை. அன்றைக்கும் மறுநாளைக்கும் விட்டுவிட்டு மிச்சத்தை மற்ற ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று கூடையோடு போனேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. தள்ளினேன். ஆள் இல்லை. பானை இல்லை. பாய் இல்லை. சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் விளக்கும் இல்லை. நான் எத்தனையோ ஏழை வீடுகளுக்குள் போயிருக்கிறேன் ஐயா, அவ்வளவு காலியான வீட்டைப் பார்த்ததில்லை. கூடையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம். எத்தனை வருஷம் அவருக்காக நடந்திருக்கிறேன்.

இப்போது யாசோன் என்று ஒரு குயவனைப் பிடித்திருக்கிறோம். வயதானவன், வீடு நிறையப் பிள்ளைகள். சக்கரத்தை நிறுத்திவைக்கச் சொல்லி, இருந்ததையெல்லாம் எடுத்தாகிவிட்டது. விதி ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவனுக்குப் பசி வந்தால் கோபம் வருகிறது. பெட்டிக்கு முன்னால் நின்று கத்துகிறான், கடன்காரனிடம் கத்துவது போல. வானம் பித்தளை மாதிரி இருக்கிறது. அவன் மனைவி தினமும் காலையில் வந்து இந்தக் கதவுப் பக்கத்தில் நிற்கிறாள். யோவன்னாள் மாதிரிப் பேசுவதில்லை. ஒன்றுமே பேசுவதில்லை. சும்மா நிற்கிறாள். பேசினால்கூடத் தேவலை என்று இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது ஐயா. இதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. யாரும் வாங்க வரமாட்டேன் என்கிறார்கள்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். அவரை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மீனுக்கு உப்புப் போடுகிற கொட்டகையில் வேலையா. தினமுமா? கூலியும் தினமுமா?

வீட்டில் மாவு இருக்கிறதா? நீங்களே பார்த்தீர்களா?

திர்சாள் ஓடுகிறாளா. கன்னத்தில் சதை வைத்துவிட்டதா. நல்லது. நல்லதுதான், நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் நீங்கள் தப்புச் செய்கிறீர்கள். இப்போதைக்குச் சரி. உங்கள் உபவாசம் வரும்போது என்ன செய்வீர்கள்? அவரை அப்படியே வயிறு நிறைய நிறுத்தி ஒன்றும் நடக்காது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பெய்துவிட்டதா.

எப்போது? போன வாரம் அந்தப் பக்கம் மேகம் கருத்திருந்தது, நானும் பார்த்தேன். ஏரி ஆவிவிடுகிறது என்று நினைத்தேன். அவரா கேட்டார்? மாவு வீட்டில் இருக்கும்போதா?

மீனும் நிறைய விழுகிறதா.

இல்லை ஐயா. எங்கேயோ கணக்கு இடிக்கிறது. உங்கள் ஊரில் வேறு யாரோ பட்டினி கிடக்கிறார்கள். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள், மானமுள்ள ஜனங்களாக இருக்கும். போய் ஒவ்வொரு வீடாகப் பாருங்கள். எங்கேயாவது ஒரு பானை காலியாக இருக்கும். இல்லாமல் மழை வராது. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு எல்லா வீடும் தெரியுமா?

தெரியுமா. ஒன்றும் காலி இல்லையா. சரி.

அப்படியானால் விசாரிக்க வரவில்லை நீங்கள். மெனக்கெட்டு இந்த வெயிலில் மலை ஏறி எதற்கு வந்தீர்கள்?

அவர் அனுப்பினாரா. யாரிடம் சொல்லச் சொன்னார்? என்னிடமா? பெயர் சொல்லியா?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

எங்களுக்கு மழை இல்லை என்று கேள்விப்பட்டாராம். அங்கிருந்தே எங்களுக்காகக் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டு வரச் சொன்னாராம். கோபம் ஒன்றும் இல்லையே அவருக்கு? கோபமா என்று கேட்டால் ஏன் என்று கேட்பார், இல்லையா. ஆமாம். அவர் அப்படித்தான். சம்மதம் கேட்காமல் ஆண்டவரிடம் கேட்க மாட்டார். ஒரு கோடையில் தோட்டத்துக்கு நல்லது என்று அவராகவே ஒரு சாரல் கேட்டு வாங்கினார். அன்றைக்கு யாரோ மாடியில் அத்திப்பழம் காயவைத்திருந்தார்கள், எல்லாம் நொதித்துப்போனது. அந்த வீட்டு வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. அதற்குப் பிறகு உரியவர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் கேட்பதில்லை. நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதானே?

தொட்டியில் சேறுதான் இருக்கிறது. சொன்னேனே.

நாளைக்குத் திங்கட்கிழமை. யாசோன் நிற்பான். அவனுடைய கடைசிப் பையனுக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. நான் சரி என்று சொல்லி, நீங்கள் போய்ச் சொல்லி, அவர் அங்கே மீன் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டு, இங்கே பெய்துவிட்டால்? யாசோனின் மனைவி காலையில் வந்து நிற்பாளே, மழையில் நனைந்துகொண்டு நிற்பாளே, அவளிடம் நான் என்ன சொல்வது? மில்காளிடம் என்ன சொல்வது? அப்பா தன்கூம் கேட்டார் என்று சொன்னால், அவர் வீட்டில் என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்பாள்.

இல்லை, நான் வேண்டாம் என்று சொன்னதாக அவரிடம் சொல்லாதீர்கள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்.

வெயில் இறங்குகிறது. நீங்கள் கிளம்ப வேண்டும், தெரிகிறது. பின்பக்கமாக ஒரு பாதை இருக்கிறது, ஊருக்குள் போக வேண்டாம், அது சுருக்கு வழி. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். போனேன், சப்தாய் ஊரில் இல்லை, எப்போது வருவான் என்று தெரியவில்லை. இவ்வளவு போதும். அவர் நம்பிவிடுவார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்தான் அவர்.